எண்ணெய், திரி, ஜன்னல், மணி

நல்லம்மையின் மடத்தில் பூஜைக் கூடத்தைவிடப் பசுமைக்குடில்தான் பெரியது. கோத்தகிரிக்கு மேலே, ஆறே பேர் வசிக்கிற மடம். வருகிறவர்கள் "இது மடமா, நர்சரியா?" என்று கேட்பார்கள். நல்லம்மை பதில் சொல்லாமல் கேட்டவர் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்துவிடுவார்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் கீழ் ஊர்த் தோட்டங்கள் சரிந்து போயிருந்தன. மாசியில் நடுவதற்கு அங்கே ஒருவரிடமும் நாற்று இல்லை. மடத்துப் பசுமைக்குடிலில் இருந்த இரண்டாயிரம் குடமிளகாய் நாற்றுகளைத்தான் நாற்பது குடும்பங்கள் நம்பியிருந்தன. அதற்கு முன்னால் மார்கழியையும் தையையும் தாண்ட வேண்டும். அந்த மலையில் அந்த இரண்டு மாதமும் விடிகிறபோது புல் வெள்ளையாக இருக்கும். ஒரு ராத்திரி உறைபனி உள்ளே வந்தால் போதும், நாற்று கருகிவிடும்.

மார்கழி முதல் வாரத்தில் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது, நல்லம்மைக்கு நாற்பத்தொன்று. தன்னைவிடச் சின்னவரிடம் சீடராகச் சேர்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. தூங்க முடிந்தால் போதும் என்கிற நிலையில் இருந்தார்.

அரக்கோணம் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கில் முப்பத்து நாலு வருடம் கேட் கீப்பர் வேலை பார்த்தவர் அவர். வேலையில் ஒரு ராத்திரிகூடக் கண் அசந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"எங்க வீட்டம்மா பத்து மாசம் படுக்கையில கிடந்தாம்மா. ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். கடைசி ராத்திரி தூங்கிட்டேன். காலையில எழுந்து பாத்தா அவ இல்ல."

"அதுக்கப்புறம்?"

"படுக்கவே பயமா இருக்கு. ரெண்டு வருஷமாச்சு. நான் தூங்கினது தப்புதானே? அத நீங்க வாயால சொல்லிட்டாப் போதும்."



"மண்ணெண்ணெய் ஹீட்டர் பத்த வைக்கத் தெரியுமா, ஐயா?"

"தெரியும்."

"இனிமே பசுமைக்குடில் ஹீட்டர் உங்க பொறுப்பு."

"தூங்கிப்போனவன்கிட்டயா குடுக்கறீங்க?"

"இங்க எல்லாரும் தூங்கறவங்கதான்" என்றார் நல்லம்மை.

ஹீட்டர் பழசு. இடுப்பளவு உயரம், வட்டத் திரி. சாயங்காலம் ஆறு மணிக்கு ரொப்பிப் பற்ற வைத்தால் காலை எட்டு வரைக்கும் எரியும். குடிலுக்குள் வெப்பம் நாலு டிகிரிக்கு இறங்கினால் நல்லம்மையின் அறையில் மணி அடிக்கும்படி ஒரு ஒயரும் இழுத்திருந்தார்கள்.

தினமும் பற்ற வைத்ததும் நல்லம்மை குடில் வாசலுக்கு வருவார். நாலு கேள்வி கேட்பார்.

"எண்ணெய்?"

"ரொப்பியாச்சும்மா."

"திரி?"

"கருகின முனையை நறுக்கியாச்சு."

"ஜன்னல்?"

"காத்துக்கு நாலு விரல் திறந்திருக்கு."

"மணி?"

"அடிச்சுப் பாத்தேன். உங்க ரூம்ல கேட்டுதாம்."

"சரி, ஐயா. போய்ப் படுங்க."

ஏகாம்பரம் தலையாட்டுவார். போக மாட்டார். நல்லம்மையின் தலை மறைந்ததும் ஒரு முக்காலியை இழுத்து ஹீட்டருக்கு எதிரே போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

மடத்துச் சமையல்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார். "மணிதான் இருக்கே, அப்புறம் என்னத்துக்கு நீங்க வேற குந்திக்கிட்டு?"

"மணி அடிக்காம போச்சுன்னா?"

சமையல்காரர் இதை நல்லம்மையிடம் கொண்டுபோனார். மறுநாள் முக்காலியின் மேல் ஒரு கம்பளி மடித்து வைத்திருந்தது.

ஒன்பதாவது ராத்திரி ஹீட்டர் அணைந்தது.

ஏகாம்பரம் முழித்துக்கொண்டுதான் இருந்தார். சுடர் படபடத்தது, மஞ்சளானது, சின்னதாகிப் போய்விட்டது. அவர் தீக்குச்சி கிழித்தார். பிடிக்கவில்லை. இன்னொன்று கிழித்தார். அரைப் பெட்டி தீர்ந்தது. யாரையாவது எழுப்ப வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய கண் திரியை விட்டு அகலவில்லை.

மணி அடித்துத்தான் நல்லம்மை வந்தார். கூடவே மற்றவர்களும் வந்தார்கள். பனிக்காக வெட்டி வைத்திருந்த மிலார் என்கிற காட்டுச் செடிக் கட்டுகளைப் பிரித்து நாற்றுத் தட்டுகள் எல்லாவற்றையும் மூடினார்கள், அதற்கு மேல் சாக்கைப் போட்டார்கள். விடிந்து பிரித்துப் பார்த்தபோது கதவோரத்துத் தட்டு ஒன்று மட்டும் கருகியிருந்தது.

ஏகாம்பரம் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் தூங்கலம்மா."

"தெரியும்."

"கண்ணை எடுக்காம பாத்துட்டிருந்தேன். அப்படியும் அணைஞ்சுது."

நல்லம்மை ஹீட்டர் தொட்டியில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்தார். மேலே மண்ணெண்ணெய், அடியில் இரண்டு விரல் தண்ணீர். கேனிலேயே கலந்து வந்திருக்கிறது. ஊற்றுகிறபோது கண்டுபிடிக்க வழியில்லை.

அந்தப் பாட்டிலை அவர் கொட்டவில்லை. அலமாரியில் வைத்தார்.

அன்று பகல் முழுக்க வேலை இருந்தது. தொட்டியைத் துடைத்தார்கள், புதுத் திரி போட்டார்கள், வேறு எண்ணெய் வாங்கி வந்து அதைக் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றித் தெளியவிட்டுப் பார்த்த பிறகே ரொப்பினார்கள். சாயங்காலம் வாசலில் அதே கேள்விகள், அதே பதில்கள். ஏகாம்பரம் அன்றைக்கும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்றைக்கு விடவே கூடாது என்று நினைத்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டால் தூக்கம் வந்துவிடும் என்று அதைக் காலடியில் போட்டார்.

கண் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

கம்பளியின் மேல் சுருண்டு கிடந்தார். எப்போது சாய்ந்தார் என்றே தெரியவில்லை. ஹீட்டர் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவியின் கட்டில் பக்கம் திரும்பின அந்தக் காலைதான் ஞாபகத்துக்கு வந்தது. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்புறம் திரும்பினார்.

நீலச் சுடர் வைத்தது வைத்தபடி எரிந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் ஒன்பது டிகிரி. வெளியே புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெள்ளையாக இருந்தது. உள்ளே நாற்று அத்தனையும் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசித் தட்டுக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து வந்த நல்ல அழுகை.

நல்லம்மை டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அவர் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"நீங்கதானே ராத்திரி வந்து பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"இல்லையே. நேத்து அலைச்சலுக்கு நானும் அடிச்சுப் போட்டாப்ல தூங்கிட்டேன்."

"வேற யாராவது?"

"யாரும் வரல. மணியும் அடிக்கல."

ஏகாம்பரம் டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

நல்லம்மை சாயங்காலம் நிற்கிற இடத்தில், வாசலோரத்தில், போய் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு ராத்திரி, வீட்டம்மாவுக்கு மருந்து?"

எந்த ராத்திரி என்று ஏகாம்பரம் கேட்கவில்லை.

"ஒம்பது மணி மாத்திரை குடுத்தேன்மா. தூள் பண்ணித் தேன்ல குழைச்சுக் குடுத்தேன்."

"தண்ணி?"

"ஸ்பூன்ல குடுத்தேன். ரெண்டு ஸ்பூன் குடிச்சா."

"போர்வை?"

"கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன். காலுக்கு சாக்ஸ் போட்டேன். அவளுக்குக் கால்தான் சில்லுனு ஆயிடும்."

"கூப்பிட்டாக் கேக்குமா?"

"கூப்பிடவே வேணாம்மா. அவ கை என் கைக்குள்ளதான் இருந்துது. ஒரு விரல் அசைஞ்சாலும் முழிச்சுப்பேன். பத்து மாசமும் அப்படித்தான் முழிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். தன் வலது கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அசையல" என்றார்.

அந்தக் கையை மூடித் திறந்தார்.

"காலையில எழுந்தப்பவும் கை உள்ளதான் இருந்துது. அப்படியும் போயிட்டா."

அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்தது. வெயில் பட்டு, அடியில் இருந்த இரண்டு விரல் தண்ணீர் தனியாகத் தெரிந்தது. ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. எட்டு மணி ஆகி எண்ணெய் தீர்ந்து ஹீட்டர் தானாக அணைந்தது. அவர் பதறவில்லை. குடிலுக்குள் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

நல்லம்மை ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார். முக்காலியை எடுத்து வெளியே வைத்தார்.

"சரி, ஐயா. போய்ப் படுங்க."