குழாய்க்குள் குடியேறிய சிப்பி

கடலோர மின் நிலையம் ஒன்று, தன் சூட்டைத் தணித்துக்கொள்ள, அகலமான குழாய் வழியே ராப்பகலாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்ச் சுவரில் பாசிமணி என்ற பச்சைச் சிப்பி, தன் உடம்பில் சுரக்கும் நாரால் ஒட்டிக்கொண்டு சொக்கிக் கிடந்தாள். அங்கே அலை அடிக்காது. எங்கோ உள்ளே இயந்திரங்கள் தாலாட்டுப் போல முனகும். வாயைத் திறந்தால் போதும், மினுமினுக்கும் இரை தானாக வந்து விழும்.

சொகுசு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? மிதந்து வந்த சிப்பிக் குஞ்சுகளை எல்லாம் கூவி அழைத்தாள். அத்தை மக்கள் வந்தார்கள், பெரியம்மா மக்கள் வந்தார்கள். சுவரில் இடம் தீர்ந்ததும் பாசிமணியின் முதுகில் நாரைக் கட்டினார்கள். அவர்கள் முதுகில் அடுத்தவர்கள். பாசிமணிக்கு ஒரே பூரிப்பு.

அந்த வழியாக வந்துபோகும் கோணக்காலன் என்ற நண்டுக்குத்தான் அது சரியாகப் படவில்லை.

"நடுவிலே தண்ணி போக வழி விடச் சொல்லு, பாசிமணி. உன் சாப்பாடும் அந்த வழியாத்தான் வருது."

"இவ்வளவு பெரிய கடல் தீர்ந்தா போயிடும்? போய் உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணயர்ந்தாள்.

நீரோட்டம் மெலிந்தது. வந்த இரையை மேலே இருந்தவர்களே பிடித்துக்கொண்டார்கள். அடியில் கிடந்தவளுக்குச் சேறுதான் மிச்சம். பாவம், விருந்துக்கு அழைத்தவளே பட்டினி! தண்ணீர் போதாமல் இயந்திரங்கள் சூடேறின. குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆட்கள் மதகை இறக்கினார்கள். உள்ளே இருந்த தண்ணீர் வடியத் தொடங்கியது.

இப்போதுதான் பாசிமணிக்குத் தூக்கம் கலைந்தது. மதகின் இடுக்கு வழியே வெளியேறப் போன கோணக்காலனைக் கூப்பிட்டாள்.

"என் நாரை அறுத்துவிடு. உன் முதுகிலே தொத்திக்கிட்டு வந்துடறேன்."

அவன் பழசை மறந்து ஓடிவந்தான். ஒரு நாரை அறுத்தான், பத்தை அறுத்தான், கொடுக்கு மரத்துப்போகும்வரை அறுத்தான். அவள் அசையவே இல்லை. அறுத்ததெல்லாம் உறவுகள் அவள்மேல் கட்டிய நார்.

"இதிலே உன் நார் எது, பாசிமணி?"

அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர் நண்டின் காலடிக்கு இறங்கியது. சுரண்டும் சத்தம் நெருங்கி வந்தது. "நீயாவது போ" என்றாள் அவள். கோணக்காலன் அழுதுகொண்டே இடுக்கில் நுழைந்து கடலுக்குப் போனான்.

எல்லோரையும் வாழவைக்கும் வழியை அடைத்துக்கொண்டு வாழ நினைப்பவருக்கு, கடைசியில் தாம் தப்பிக்கவும் வழி இருக்காது.