திரை மூலையில் ஒரு பொட்டு

"பச்சையா, சிவப்பா? இன்னைக்காவது சொல்லிடும்மா."

குலசேகரன் இதைக் கேட்பது பதினேழாவது முறை.

செண்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார்."

"உட்கார நேரமில்லம்மா."

முன்பு பதினாறு முறையும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் நின்றார்.

சென்னை ரிச்சி தெருவில், குறுகலான ஒரு மாடிப்படி ஏறினால் வரும் கடை அது. பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி, தூசு தட்டி, சரிபார்த்து விற்பாள் செண்பகம். முப்பது வயது. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது என்பதால் தெருவே அவளைச் சாமியாரம்மா என்று கூப்பிட்டது. விலையை மட்டும் நேராகச் சொல்வாள். பேரம் பேசினால் மறுபடி சாமியாராகிவிடுவாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் விளையாட்டுகள் ஓட உதவும் கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர், அங்கேயே உட்கார்ந்து அதில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஆடாதவருக்கு அவள் கார்டு விற்பதில்லை.

குலசேகரன் ஆடியதே இல்லை. ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, திரையின் இடது மூலையைப் பார்ப்பார். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று அங்கே ஒரு எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வரைபடம் போட்டவர். கட்டம் போடாமல் அவரால் மளிகைச் சாமான் பட்டியல்கூட எழுத முடியாது.

"இதைப் பாரும்மா," என்று நோட்டைப் பிரித்தார். "பச்சை டப்பாவுல இருக்கிறது சூடாகாது, கரண்ட்டும் கம்மி. ஆனா மெமரி பத்தாது. சிவப்புக்கு மெமரி ரெண்டு மடங்கு, விலையும் கம்மி. ஆனா அடுப்பு மாதிரி கொதிக்குது. கார் பந்தயத்துல மழை ரோடுன்னா பச்சை ஜெயிக்குது. ஊருக்குள்ள ஓட்டினா சிவப்பு ஜெயிக்குது."

"நீங்க எங்க ஓட்டப்போறீங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணலை."

செண்பகம் நாற்காலியின் தூசியைத் தட்டினாள்.

இரண்டும் ஏழு வருஷப் பழசு. இரண்டும் இரண்டு கை மாறி வந்தவை. இரண்டில் எதைப் போட்டாலும் அவர் கேட்கும் கார் பந்தயம் நன்றாகவே ஓடும். இது தெருவுக்கே தெரியும். மூன்றாம் கடையில் மவுஸ் விற்பவர்கூட அவரிடம் சொல்லிப் பார்த்தார். குலசேகரன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இன்று அவர் முகம் சரியில்லை.

"என்ன சார், வெயிலா?" என்றாள் செண்பகம்.

"எம் பொண்ணுக்கு இன்னைக்குப் பிறந்தநாள்."

மகள் தேன்மொழி கல்யாணமாகி டப்ளினில் இருக்கிறாள். சின்ன வயதில் அப்பாவும் மகளும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து ஒரே கீபோர்டில் கார் ஓட்டுவார்கள். திருப்புவது அப்பா. ஆக்சிலேட்டர் மகள். பிரேக் யாரிடமும் இல்லை.

இப்போது அதே மாதிரி ஒரு பந்தயத்தை, அவள் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் ஓட்டலாம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு மட்டும் வேண்டும். பொங்கலுக்கு ஓட்டலாம் என்றாள். பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பொங்கல் போய்விட்டது. சித்திரை ஒன்று அன்றைக்கு என்றாள். அதுவும் போயிற்று.

"காலையில பேசினா," என்றார். "'இன்னைக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு ரெடியா இருப்பேன். முடியலைன்னா பரவாயில்லப்பா, இனிமே நான் கேட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்'னு சொல்லிட்டா."

"கோபமா?"

"கோபப்பட்டிருந்தா தேவலையே. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து. அவர் வீடு தாம்பரத்தில். ரயிலில் ஏறினாலும் பறந்துவிட முடியாது.

"அதான் கேக்கறேன். ஒரே வார்த்தை. பச்சையா, சிவப்பா?"

செண்பகம் எழுந்தாள். இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போனாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கார்டை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரின் கேபினட்டுக்குள் சொருகினாள், மூடினாள். இரண்டு டப்பாக்களையும் மூடி அலமாரி மேலே வைத்தாள்.

"எதைப் போட்டே?"

"உட்காருங்க சார்."

"எதைன்னு சொன்னா உட்கார்றேன்."

"உட்கார்ந்தா அஞ்சரைக்கு ஓட்டலாம். நின்னா தாம்பரம் போகலாம்."

குலசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

விளையாட்டுக்கான பாஸ்வேர்டை மகள் எப்போதோ சொல்லி, அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். நூற்று இருபது பக்க நோட்டில் காரியத்துக்கு உதவிய பக்கம் அது ஒன்றுதான்.

ஐந்தரைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் தேன்மொழியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அப்பா! நிஜமாவா? கார்டு வாங்கிட்டீங்களா?"

"கடையிலதான் இருக்கேன். வாங்கற மாதிரிதான்."

"சரி சரி, வாங்க. மழை ரோடு. மூணு சுத்து."

திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிப் பச்சை விளக்கு எரிந்தது. தேன்மொழியின் வெள்ளைக் கார் சீறிக்கொண்டு போனது. குலசேகரனின் கார் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரம் மட்டும் இடமும் வலமும் திரும்பியது.

"கார்டுல ஏதோ கோளாறும்மா," என்றார் செண்பகத்திடம்.

"அப்பா," என்றாள் தேன்மொழி. "ஆக்சிலேட்டர்?"

"அது உன் வேலைதானே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. போனில் தேன்மொழி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் இங்கிருந்து எப்படிப்பா அழுத்தறது? மேல் பட்டன். நீங்கதான் அழுத்தணும்."

அழுத்தினார். கார் புறப்பட்டது. கூடவே அவர் கண்ணும் புறப்பட்டு நேராக இடது மூலைக்குப் போனது.

"அறுபத்தொண்ணு... அம்பத்தெட்டு... மழை வந்ததும் இறங்குது பாரு... அம்பத்தாறு..."

டமார். சுவர்.

"என்ன கணக்குப்பா சொல்றீங்க?"

"அம்பத்தாறுக்கு இறங்கிடுச்சு. இதுதான் சிவப்பு. மழை ரோட்டுல சிவப்பு இழுக்காதுன்னு அப்பவே எழுதினேன்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றாள் மகள். "எடுங்க வண்டியை!"

எடுத்தார். மறுபடி மூலையைப் பார்த்தார். மறுபடி சுவர். மூன்றாம் முறை ஒரு ஆட்டு மந்தைக்குள் போனார். கடைக்கு ஹார்டு டிஸ்க் வாங்க வந்த இருவர் வந்த வேலையை மறந்து பின்னால் நின்றார்கள்.

செண்பகம் நெற்றியில் கை வைத்தாள். தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நெற்றிப் பொட்டை உரித்தாள். பெரிய, வட்டமான, மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. திரையின் இடது மூலையில் எண்ணின் மேல் அதை ஒட்டி, கட்டை விரலால் அழுத்திவிட்டாள்.

"ஏம்மா! எண்ணு தெரியலையே!"

"தெரியறதைப் பாருங்க சார்."

குலசேகரன் வேறு வழியில்லாமல் பார்த்தார்.

ரோடு இருந்தது. பதினாறு நாள் இதே ரோட்டைப் பார்த்திருக்கிறார், ஆனால் அங்கே மழை இவ்வளவு அழகாகப் பெய்கிறது என்பதைக் கவனித்ததில்லை. மலை ஓரமாக ஒரு வளைவு. வளைவில், வேலியை ஒட்டி, பின்விளக்கு எரிய ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது.

"அது யாரு நடு ரோட்டுல நிக்கறது?"

"நான்தாம்பா. நீங்க வரட்டும்னு நிக்கறேன்."

"எப்போலேர்ந்து?"

"ஆட்டு மந்தையிலேர்ந்து."

குலசேகரனின் விரல் சும்மா இருக்கவில்லை. மேல் பட்டனை அழுத்திய வேகத்தில் வெள்ளைக் காரை ஒட்டி உரசிக்கொண்டு முன்னே போய்விட்டார்.

"அப்பா! அழுகுணி ஆட்டம்!"

"பிரேக் எங்கிட்ட எப்படி இருக்கும்? நம்ம வண்டியில பிரேக் கிடையாதே!"

கடை அதிர்ந்தது. ஹார்டு டிஸ்க்காரர்கள் கட்சி பிரிந்துவிட்டார்கள். ஒருவர் அப்பாவுக்கு விசில் அடித்தார். இன்னொருவர், முகமே தெரியாத மகளுக்கு. குலசேகரன் வளைவுகளில் காரோடு சேர்ந்து தானும் நாற்காலியில் சாய்ந்தார். வேட்டி நுனி காலில் சிக்கியது. மூக்குக்கண்ணாடி நழுவி உதட்டுக்கு வந்தது. அதைத் தள்ளிவிடக் கையில்லை, ஊதி ஊதி மேலே ஏற்றப் பார்த்தார்.

கடைசி வளைவில் தேன்மொழி உள்பக்கமாக நுழைந்தாள். ஒரு கார் மூக்கின் நீளத்தில் ஜெயித்தாள்.

"நான்தான்!" என்று டப்ளினில் கத்தினாள்.

"நீதான்!" என்று இவர் ரிச்சி தெருவில் கத்தினார். அவர் ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்.

செண்பகம் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் பழைய குலசேகரன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் உள்ள ஓடினது எது? எத்தனை வந்துச்சு?"

"பொட்டை எடுத்துப் பாருங்க. எண்ணு இருக்கும், அதை நோட்டோட ஒப்பிட்டா கார்டு எதுன்னு தெரிஞ்சிடும்."

குலசேகரன் முன்னால் குனிந்தார். நகத்தைப் பொட்டின் விளிம்பில் வைத்தார். ஓரம் லேசாக எழும்பியது.

"அப்பா," என்றது போன். "இன்னொண்ணு?"

நகம் அப்படியே நின்றது. எழும்பிய ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். மடியில் இருந்த நோட்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

"வா," என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. இந்த முறை இரண்டு கார்களும் சேர்ந்தே பாய்ந்தன.

செண்பகம் அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களையும் இறக்கி, பில் புத்தகத்தைப் பிரித்தாள்.

"கடை மூடற நேரம் ஆகுது. எதை சார் கட்டட்டும்? பச்சையா, சிவப்பா?"

"இப்ப ஓடறதைக் கட்டு."

"அது எதுன்னா—"

"ஷ்ஷ்! வளைவு வருதும்மா!"