உப்புப் பட்ட மழைக்கஞ்சி

ஒரு ஊருக்குச் சாபமாக இருப்பது ஒரு வியாபாரிக்கு வரமாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் நடந்தது இது. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன்.

மலை மறைத்துக்கொண்டு மேகத்தை உள்ளே விடாத பக்கத்தில் இருக்கிறது மேட்டுக்கானூர். காவிரிக் கரையிலிருந்து அமிர்தலிங்கம் என்ற அப்பள வியாபாரி அங்கே வந்தார். அவருடைய சொந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அதுதான் அவருக்குத் தொல்லை. ஈரக்காற்றில் அப்பளம் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்துப்போகும். ஆகவே வெயிலைத் தேடிப் புறப்பட்டவர் இங்கே வந்து நின்றார்.

ஊர்த்தலைவர் நாச்சிமுத்து, மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துக் காட்டுவது போல ஊரைக் காட்டினார்.

“வருசத்துல முன்னூறு நாள் வெயிலுங்க. காத்துல பொட்டு ஈரம் இருக்காது. பொம்பளைங்களுக்குக் காட்டு வேலையும் இல்லீங்க, கூப்பிட்ட கொரலுக்கு வந்துருவாங்க. இதவிட நல்ல எடம் உங்களுக்கு எங்கீங்க கெடைக்கும்?”

ஊரின் தரித்திரத்தையெல்லாம் வசதி என்று அடுக்கினார் மனிதர். அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் கொடுமை.

ஊர்ப் பொது நிலத்தை அப்பளம் காயப்போடக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். மழைக்கஞ்சி நோன்பில் அப்பளக் கம்பெனியும் ஒரு வீடாகச் சேர வேண்டும். மழை பொய்த்தால் அந்த ஊர்ப் பெண்கள் வீடுவீடாகக் கைப்பிடி மாவு வாங்கி, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, மாரியம்மன் கோயில் முன் குடித்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஊரைவிட்டே போவதுபோல் எல்லைக்கல் வரை நடப்பார்கள். தலைவர் குறுக்கே நின்று, மழை வரும் என்று தேற்றித் திருப்பி அழைத்து வருவார். ஒரு வீட்டு மாவு குறைந்தாலும், ஒரு கல் உப்பு விழுந்தாலும் நோன்பு பலிக்காது என்பது நம்பிக்கை. மழைக்குப் பயந்து வந்த அமிர்தலிங்கம், மழை வேண்டி மாவு தருவதாக வாக்குக் கொடுத்தார்.

நாற்பது பெண்களுக்கு வேலை கிடைத்தது. அவர்களுக்கு மேஸ்திரி பாவாத்தாள். அவள் கூலியில் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்த அவள் புருஷன் மாரப்பனுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. தொடர்ந்து மூன்றாவது வருஷமும் மழை பொய்த்தது.

“இந்த நோம்புக்கும் மழை வரலீன்னா நான் வெளியூருக்குக் கெணறு வெட்டப் போயிருவேன் புள்ள. பொண்டாட்டி கூலீல எத்தன நாளைக்குத் திங்கறது?” என்றான் மாரப்பன்.

சொன்னால் செய்கிறவன் அவன்.

நோன்பு நாள் காலையில் பாவாத்தாள் மாவுப் பானையும் முறமுமாகக் கம்பெனி வாசலில் நின்றாள். உப்புப் படாத மாவு வேண்டும் என்று முதல் நாளே முதலாளியிடம் சொல்லியிருந்தாள். அவரும் இரண்டு கையாலும் மாவை அள்ளி அவள் முறத்தில் போட்டார். விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவளுக்கு வேலைப் பழக்கம். பார்த்தாள். கரித்தது. அது உப்பும் காரமும் கலந்துவைத்த அப்பள மாவு.

“வேற மாவு குடுங்க மொதலாளி.”

“கம்பெனி மாவு இதான்” என்றார் அமிர்தலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, “மழை பேஞ்சா நாப்பது பேரும் சும்மாதானே உக்காரணும், பாவாத்தா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாவைக் கீழே கொட்டினால் ஒரு வீடு குறையும். பானையில் போட்டால் உப்பு விழும். ஊரில் சொன்னால் கம்பெனியைத் துரத்திவிடுவார்கள், நாற்பது அடுப்பும் அணைந்துபோகும். பாவாத்தாள் மாவைப் பானையில் போட்டாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். அந்த ஒரு வீட்டு மாவின் உப்பு யார் நாக்குக்கும் தெரியவில்லை.

மழை வரவில்லை. நாற்பதாம் நாள் மாரப்பன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினான். இந்த முறை யாரும் குறுக்கே நிற்கவில்லை. கம்பெனிக் களத்தில் அன்று அப்பளம் அருமையாகக் காய்ந்தது. அவனிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

உப்பு மாவைக் கொடுத்தவர் அமிர்தலிங்கம். தெரிந்தே அதைக் கலந்தவள் பாவாத்தாள். அப்படியொரு வாக்கைக் கேட்டு வாங்கியவர் நாச்சிமுத்து. மழை உப்புப் பார்த்தா பெய்யும் என்று என்னை மடக்காதீர்கள், அந்த ஊர் நம்பிக்கையை வைத்தே சொல்லுங்கள். மாரப்பன் ஊரைவிட்டுப் போனதற்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: நான் நாச்சிமுத்துவைத்தான் சொல்வேன். அமிர்தலிங்கம் செய்தது சூதுதான், ஆனால் எதற்காக வந்தேன் என்பதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. பாவாத்தாள் எந்தப் பக்கம் கை நீட்டியிருந்தாலும் சுட்டிருக்கும். நாச்சிமுத்துதான் வெயிலை விலைபேசிக் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடமே மழைக்கும் கையேந்தினார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்தவனைவிட, தெரிந்தே அதைக் கேட்டு வாங்கியவன்தான் பெரிய குற்றவாளி. இந்தத் தீர்ப்பைப் பாவாத்தாளிடமே போய்ச் சொன்னேன். அவள் கை வேலையை நிறுத்தாமல், “செரிங்க. அதுக்கு அவுரு திரும்பி வந்துருவாருங்களா?” என்று கேட்டாள்.