அரிக்கேன் வெளிச்சத்துல மஞ்சளான குருவி

ஒரு ஊர்ல ஒரு கிணறு, கிணத்து மேல சாஞ்சாப்புல ஒரு கருவேல மரம். அந்த மரத்துல தூக்கணாங்குருவி கூடு பின்ன ஆரம்பிச்சாத்தான் அந்த ஊர்ல விதைப்பாங்க. கேக்குறியா? ம்.

அங்க சுடலின்னு ஒருத்தி. சந்தையில அவகிட்டப் பேரம் பேசி ஜெயிச்ச ஆள் கிடையாது. மூக்குக்கு மேல கோவம். அவ வச்சிருந்த விதைக்கடலை மூட்டையில வண்டு விழுந்துபோச்சு. இருக்கிறதே அந்த ஒத்தை மூட்டைதான். மழைக்காலம் வரைக்கும் தாங்காது. அப்போ மாசி மாசம். ஆண் குருவியெல்லாம் பொட்டைக்குருவியாட்டமே பழுப்பா, சும்மா கிச் கிச்சுன்னு உக்காந்திருக்கு.

"இதுக இப்பவே பின்னிட்டா மழையும் இப்பவே வந்துரும். இதுககிட்டயே பேசித் தீத்துர்றேன்"னு கிளம்பினா.

மொதல்ல நாணலைக் கிழிச்சுக் கிளையில கட்டினா. ஒரு குருவி எட்டிப் பாக்கல. அப்புறம் குடம் குடமா மொண்டு சளேர் சளேர்னு மழையாட்டம் அடிச்சா. குருவிக நல்லாக் குளிச்சுட்டு, படபடன்னு உதறிட்டுப் பறந்துருச்சு.

"ஏ எடுபட்ட பயலுகளா!"

அப்புறந்தான் யோசிச்சா: பகல் நீளுற காலத்துலதானே இதுக மஞ்சளாகுது? தனிக்கிளையில அடையிற ஒரு ஆண் குருவிக்குப் பக்கத்துல அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டா. பொழுது சாஞ்சும் அதுக்குப் பகல்தான். வெளிச்சம் குருவி மண்டைக்குள்ள இறங்குனா ஒடம்புல ஒரு சாறு ஊறும். அந்தச் சாறுதான் தலைக்கு மஞ்சப் பூசும், பாட வைக்கும், பின்ன வைக்கும். ம்?

பங்குனி கடைசியில அது ஒண்ணு மட்டும் மஞ்சளாச்சு. சித்திரையில சர்ரு சர்ருன்னு ஓலை கிழிச்சுப் பாதிக் கூடு பின்னிருச்சு.

"ஏர் பூட்டுங்கய்யா!"ன்னு கூவினா சுடலி.

ஊர்ப் பெரியவர் இருளப்பர் அண்ணாந்து பாத்தார். "பொட்டை வந்து பாக்கலயே, தாயி? அதுக்குப் பிடிச்சாத்தானே இவன் மீதியக் கட்டுவான்?"

"வீடு பாக்க வர்றவ வர்றா, வராட்டிப் போறா. நீரு என்ன தரகரா?"

அப்போவே மூட்டையை அவுத்தா. அவ மட்டும் விதைச்சா.

சொட்டு மழை இல்ல. கடலை மண்ணுக்குள்ளயே வெந்துபோச்சு.

அப்புறம் ஆடியில கொட்டுச்சு மழை. மரம் முழுக்க மஞ்சத் தலை, ஒரே கூச்சல், ஒரே பின்னல். பொட்டைக்குருவிக கூடு கூடாத் தொத்திப் பாக்குது. ஊரே ஏர் பூட்டிருச்சு. அந்தக் குருவி மட்டும் மறுபடி பழுப்பாகி, பாதிக் கூட்டுப் பக்கத்துல பேசாம இருந்துச்சு. அதோட சாறு முன்னாடியே ஊறி, முன்னாடியே வத்திருச்சு.

சுடலி காலிச் சாக்கை உதறிக்கிட்டே மேல பாத்தா.

"என்னத்த முறைக்கிற? எனக்குந்தான் தீந்துபோச்சு."

குருவி ரெக்கைக்குள்ள தலையைச் சொருகிக்கிச்சு. கதையும் அடைஞ்சாச்சு, நீயும் கண்ணை மூடு.