மதகடியில் காத்திருந்தவர்

பிரான்ஸின் பர்கண்டிக் கால்வாயின் நூற்று எண்பத்தொன்பது மதகுகளும் கலிவரதனுக்கு வரிசை எண்ணோடு மனப்பாடம். படகுகளை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் இரட்டைக் கதவு மதகுகள். எந்த மதகுக்காரர் பன்னிரண்டு அடித்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார், எந்த ஊரில் திங்கட்கிழமை ரொட்டிக்கடை திறக்காது, எந்தக் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் குடிதண்ணீர் வரும், எதைக் கேட்டாலும் சொல்வார். கல்லறைத் தண்ணீரைக் குழுவில் யாரும் முதலில் தொட மாட்டார்கள். அவர் ஒரு பாட்டில் குடித்துக் காட்டுவார். "உள்ள இருக்கிறவங்க யாரும் இதுவரைக்கும் பங்கு கேக்கல" என்பார்.

பாரிஸ் மெட்ரோவில் முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்காரர். வயது அறுபத்திரண்டு. ஓய்வுக்குப் பிறகும் காலை நாலரைக்கு விழிப்பு வந்தது. போகத்தான் இடமில்லை. இரண்டு கோடைகளுக்கு முன்பு அமலோற்பவத்திடம் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

அமலோற்பவம் அவரைவிட இருபது வயது இளையவர். தமிழ்க் குடும்பங்களைக் கால்வாய்க் கரையோடு சைக்கிளில் அழைத்துப் போவது அவர் தொழில். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்த முதல் நாள் கலிவரதன் அவரை விளையாட்டாக "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஜூலையில் அமலோற்பவத்தின் அண்ணன் மகளுக்குக் காரைக்காலில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை புறப்படும் அடுத்த குழுவை வேறு யாராவது அழைத்துப் போக வேண்டும். ஒன்று, கலிவரதன். இல்லையென்றால் திஜோன் நகரத்து வழிகாட்டி ஒருவர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மாலை, கூடாரங்களை அடித்து முடித்ததும் கலிவரதன் நேராகவே கேட்டார்.

"மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைக் குழுவை எனக்குத் தருவீங்களா, மாட்டீங்களா?"

அமலோற்பவம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மங்கையர்க்கரசி அம்மா எதுக்கு பஸ் நேரம் கேட்டாங்க?"

மங்கையர்க்கரசி குழுவில் கடைசியாக வருபவர். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்றே வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார்.

"முட்டி வலியாம். வெள்ளிக்கிழமை காலையில திரும்பிப் போயிடறாங்களாம்" என்றார் கலிவரதன். "என்மேல தப்பில்ல மாஸ்டர். மூணு மதகுக்கு ஒரு தடவ நின்னு அவங்களுக்காகக் காத்திருக்கேன். நேத்து மட்டும் ஒரு மணி நாப்பது நிமிஷம். முகம் சுளிச்சேனா? அவங்க வந்து சேர்ந்தப்புறம்தான் நான் சைக்கிள்லயே ஏர்றேன்."

"உடனே ஏறிடறீங்க."

"ஆமா. எல்லாரும் வந்தாச்சு, கிளம்ப வேண்டியதுதானே?"

அமலோற்பவம் அரிசியைக் கழுவினார்.

"அவங்க பஸ் ஏறினா, திஜோன்காரருக்கு போன் போடுவேன். நாளைக்கு நான் முன்னால போறேன். நீங்க கடைசியா வாங்க அண்ணே."

மறுநாள் காலை கூடாரங்கள், அடுப்பு, குக்கர், அரிசி மூட்டை, ஸ்பானர் பை எல்லாம் கலிவரதனின் சைக்கிளில் ஏறின. மங்கையர்க்கரசியின் இரண்டு பைகளும் அங்கேயே வந்தன. "சீர்வரிசை கிளம்பிடுச்சு" என்றார் குழுவில் வந்திருந்த தாமோதரன்.

வெனாரே என்ற ஊருக்குப் பிறகு கால்வாய் படிப்படியாக மேடேறுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள் நெருக்கமாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாதை சட்டென்று ஆள் உயரத்துக்கு எழும். வெறும் சைக்கிளில் அது தெரியாது. குக்கரும் அரிசியும் ஏறிய சைக்கிளில் தெரிந்தது.

மூன்றாவது மதகில் மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஆப்ரிகாட் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். கலிவரதனின் முன்சக்கரம் நிழலைத் தொட்டதும் அமலோற்பவம் எழுந்தார்.

"வந்துட்டாரு. போலாம்."

ஆறாவது மதகில் கலிவரதன் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "வந்துட்டாரு. போலாம்."

ஒன்பதாவது மதகில் அவருக்குச் சிறுநீர் முட்டியது. மரத்தைத் தேடித் தலையைத் திருப்பிய நேரத்தில் ஆறு சைக்கிளும் கிளம்பிவிட்டன. பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்தான். ஆனால் இன்னும் பின்தங்கிப்போவதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அடக்கிக்கொண்டு மிதித்தார்.

பன்னிரண்டாவது மதகில் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு நேராகப் புதருக்குப் பின்னால் போனார்.

"அண்ணே, நாங்க கிளம்பறோம்!" என்று அமலோற்பவம் கூப்பிட்டார்.

"கிளம்புங்க! எங்க வேணா போங்க!" என்றது புதர்.

எல்லோரும் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கலிவரதன் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"புரிஞ்சுது மாஸ்டர். முன்னால போறவனுக்கு ஓய்வு. கடைசியா வர்றவனுக்கு ஓய்வே கிடையாது. நான் காத்திருந்ததெல்லாம் எனக்காகத்தான்."

"ம்" என்றார் அமலோற்பவம்.

"மதியத்துக்கு மேல நான் முன்னால போறேன்."

மதியம் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கலிவரதன் முன்னால் போனார். மூன்று மதகுக்கு ஒருமுறை நின்றார். மங்கையர்க்கரசி வந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பத்து நிமிடம். அதற்கு முன் யாரையும் எழ விடவில்லை. ஒரு நிறுத்தத்தில் நிழலே இல்லை. மங்கையர்க்கரசி மூன்றாவது நிமிடமே எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"உக்காருங்கம்மா. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

மங்கையர்க்கரசி மறுபடி உட்கார்ந்தார். கால்களை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினார்.

"வெயில்ல காயப்போட்டு ஓய்வு குடுக்கறது இப்பத்தான் பாக்கறேன்" என்றார் தாமோதரன்.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்ல?" என்றார் கலிவரதன்.

ஐந்து மணிக்கு அன்றைய ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மங்கையர்க்கரசி சைக்கிளிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் பேருந்து நிறுத்தம் எங்கே என்றுதான் கேட்டார். காலை எட்டரைக்குப் பேருந்து.

நேற்றைவிட இன்று அவர் நிலைமை மோசமாக இருந்தது. பத்து நிமிடம் போதவில்லை, அவ்வளவுதான் என்று கலிவரதன் முடிவு செய்தார். மங்கையர்க்கரசி கால்வாய்ச் சுவரில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கலிவரதன் அங்கே போய் நின்றார்.

"அம்மா, நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம் நிக்கலாம். பஸ் வேணாம்."

மங்கையர்க்கரசி அவரைப் பார்த்தார்.

"இருபதுன்னாலும் சரி."

"வேணாங்க."

"அரை மணி? அதுக்கு மேல போனா இருட்டிடும்மா."

"ஐயையோ" என்றார் மங்கையர்க்கரசி.

கடிகாரம் கட்டிய கையை எங்கே வைப்பது என்று கலிவரதனுக்குத் தெரியவில்லை. பிறகு அவரும் சுவரில் உட்கார்ந்தார்.

"சரி. உங்களுக்கு என்னதான் வேணும்?"

மங்கையர்க்கரசி முந்தானைபோல் தோளில் போட்டிருந்த துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.

"தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"மிதிக்கிறப்ப எனக்கு வலியே இல்லைங்க. மெதுவா மிதிச்சா நாள் பூரா போவேன். இறங்கி உக்காந்தாதான் முட்டி இறுகிப்போவுது. மறுபடி ஏர்றதுக்குள்ள உசுரு போவுது."

"அப்போ ஏன் இறங்கினீங்க?"

"நல்லா இருக்கே! எனக்காக ஆறு பேரு வெயில்ல உக்காந்திருக்கீங்க. உங்களப் பாத்துக்கிட்டே தாண்டிப் போக முடியுமா? மரியாதையா இருக்குமா?"

கலிவரதன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டரைப் பேருந்து யாரையும் ஏற்றாமல் போனது. அதற்குள் மங்கையர்க்கரசி மற்றவர்களுக்கு முன்பாகவே சைக்கிளில் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் மற்றவர்கள் அவரைத் தாண்டினார்கள். பத்து மணிக்கு அவர்கள் ஒரு மதகடியில் உட்கார்ந்திருந்தபோது மங்கையர்க்கரசி வளைவில் தெரிந்தார். நடைவேகம்தான். நிழலுக்குள் வந்தார். நிற்கவில்லை. ஒரு கையைத் தூக்கினார். சைக்கிள் கொஞ்சம் ஆடியதும் கையை இறக்கிக்கொண்டார். மதகு மேட்டில் ஏறி அந்தப் பக்கம் மறைந்தார்.

தாமோதரன் கைதட்டினார். கலிவரதன் அமலோற்பவத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மாஸ்டர், அவங்க முட்டி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ நேத்து குக்கரை ஏத்தி என்னை விரட்டினீங்களே?"

"அவங்களுக்கு ஓய்வு போதலன்னு நினைச்சேன்."

"அது தப்பு."

"தப்புதான்."

மதகுக்காரர் சக்கரப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். தண்ணீர் இரைந்தது. அது அடங்கும்வரை கலிவரதன் பொறுத்திருந்தார்.

"திஜோன்காரருக்கு போன் போட்டாச்சா?"

அமலோற்பவம் எழுந்து பின்பக்கத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"பதினஞ்சு வருஷமா இந்தக் கரையில ஆளுங்களக் கூட்டிட்டுப் போறேன் அண்ணே. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரையும் கேட்டதில்ல. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வர்றாங்க. கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க."