பதில் வரிக்கு விட்ட இடம்

ஒச்சம்மாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நிறையப் பேர். பாட்டோடு சேர்த்து ஒச்சம்மாவையே தூக்கிக்கொண்டு போனவள் ஒருத்திதான். அவள் முத்துப்பேச்சி.

ஒச்சம்மாவின் செருமல், மூக்குத்தியைத் திருகிக்கொண்டே போடும் "ம்ம்", கோபம் வந்தால் வார்த்தைக்கு வார்த்தை விடும் மூச்சு, எல்லாம் பேச்சிக்கு அத்துப்படி. ஒருநாள் கொல்லையில் நின்று, "ஏங்க, ஆட்டுக்குக் குழை ஒடிச்சிட்டு வாங்களேன்" என்று ஒச்சம்மா குரலில் ஒரு விடு விட்டாள். ஒச்சம்மாவின் புருஷன், அதாவது பேச்சியின் கூடப்பிறந்த அண்ணன், அரிவாளோடு வேப்பமரத்தில் ஏறியே விட்டார். ஏறி ஒரு கிளையை வெட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது, வீட்டில் ஆடே இல்லை.

மரத்திலிருந்து அவர் திட்டியதையும் பேச்சி அவர் குரலிலேயே திருப்பித் திட்டினாள்.

ஒச்சம்மா அவளுக்கு மதினி. மதினியிடம்தான் பேச்சி நடவுப் பாட்டு படித்தாள். வயதில் இரண்டு பேருக்கும் பெரிய தூரமில்லை. ஆனால் ஒச்சம்மா பேர் போட்டு கேசட் வந்த காலத்தில் பேச்சி வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவளுக்கு முறை வந்திருக்கிறது.

தேனியில், செல்போன் கடை மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெபராஜ் கூப்பிட்டிருந்தான். மாதிரிக்கு ஒரு பாட்டு எடுத்தான். பேச்சி விடுவாளா? முன்பாட்டும் அவளே பாடினாள். பின்பாட்டுப் பாடும் பெண்கள் ஆறு பேரையும் அவளே பாடினாள். பல் போன கிழவி ஒருத்தி, மூக்கால் பாடுகிறவள் ஒருத்தி, புதுசாகக் கல்யாணமானவள் ஒருத்தி, பாட்டு தெரியாமல் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவள் ஒருத்தி, இன்னும் இரண்டு பேர். ஜெபராஜ் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தான். சந்தைக்கடை மாதிரி நிறைந்துவிட்டது பாட்டு.

"பிரமாதம்க்கா. நாளைக்கு முழுசா எடுத்துருவோம். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். இது எடுபட்டா அடுத்தடுத்துப் போடலாம். எடுபடலைன்னா எங்கிட்ட மறுபடி வராதீக. என்னால தாங்காது."

அந்தப் பாட்டை மதினிக்குப் போட்டுக் காட்டினாள் பேச்சி. ஒச்சம்மா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

ஒச்சம்மா ஆஸ்பத்திரி இட்லியையும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஸ்டூடியோவுக்குக் கிளம்பி, பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றார்கள்.

"மதினி, ஒண்ணு கேக்கவா?"

"வேண்டாம்னா விட்டுருவியா?"

"உங்க மொத மூணு கேசட்டுல எது ஒசத்தி?"

ஒச்சம்மா மூக்குத்தியைத் திருகினாள்.

"மூணாவதுல எல்லாம் சரியா இருக்கும். ரெண்டாவதுல பாதி சரியா இருக்கும்."

"மொதலாவது?"

"அதுல ஒண்ணுமே சரியா இருக்காது."

"அப்பறம் ஏன் எல்லாரும் அதையே கேக்குறாக?"

"அதை அவுககிட்ட கேளு."

"மதினி, வெளையாடாதீக. இன்னைக்குப் பாடப் போறேன். எனக்கு நெசமாவே பயமா இருக்கு."

பேச்சி அதை யார் குரலிலும் சொல்லவில்லை. ஒச்சம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மொத கேசட்டு எடுத்த கதையச் சொன்னதில்லையே உனக்கு?"

"இல்லை."

"ரூம்பு கோழிக்கூடு கணக்கா இருந்துச்சு. நானும் டோலக்குக்காரரும்தான் உள்ள. வயல்ல எங்கூட நட்டவுக யாரையும் கூப்பிடலை. கம்பெனி மொதலாளி கண்ணாடிக்கு அங்கிட்டு ஒக்காந்திருந்தாரு. பாடுன்னாரு. ஒரு வரி பாடுனேன். நின்னேன்."

"ஏன்?"

"ஒரு வரி பாடுனா நிக்கணும்ல. நாம பாடுனதுக்கு அவுக பதில் பாடுவாக. அந்த நேரத்துல நாம நாலு நாத்தை ஊனிக்கிருவோம். பழக்கம்."

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"நீயே சொல்லு, எப்பிடிச் சொல்லியிருப்பாரு?"

பேச்சி தொண்டையைத் தாழ்த்தி, வெற்றிலை ஒதுக்கிய வாயோடு சொன்னாள்: "என்னம்மா... நிப்பாட்டிட்டே?"

ஒச்சம்மா சிரித்துவிட்டாள். "அச்சு அசல் அவருதான். எங்குட்டுப் பாத்தடி அவரை? நான் சொன்னேன், நான் எங்கய்யா நிப்பாட்டுனேன், அவுக பாடுறாகள்லன்னு. யாருன்னு கேட்டு அவரு பின்னாடி திரும்பிப் பாத்தாரு. பயந்துட்டாரு பாவம்."

"அப்பறம்?"

"நிக்காமப் பாடச் சொன்னாரு. பாடிப் பாத்தேன். மூச்சும் தாங்கலை, பாட்டும் நிக்கலை. முட்டு இல்லாத பந்தலாட்டம் சரிஞ்சு விழுந்துச்சு. சரி, உன் இஷ்டத்துக்கே பாடித் தொலைன்னுட்டாரு. வரிக்கு வரி எடம் விட்டுத்தான் பாடுனேன். அந்த எடத்துல டோலக்கு மட்டும் நடந்துக்கிட்டு இருக்கும்."

"அந்த எடத்துல நீங்க என்ன செஞ்சீக?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"அவுக பாடுறதை."

பேச்சி வாயைத் திறந்தாள். ஒச்சம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேசட்டு கடைக்குப் போச்சு. போன வேகத்துல திரும்பி வந்துச்சு. டேப்பு நடுவுல நடுவுல அழிஞ்சு கெடக்கு, மாத்திக் குடுன்னு ஆளாளுக்குச் சண்டை. மொதலாளி தலையில கை வச்சுக்கிட்டாரு. என்னையப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிருவாரு. நானும் அம்புட்டுத்தான் நம்ம பாட்டுன்னு நெனச்சேன்."

"பெறகு எப்பிடி ஓடுச்சு?"

"வத்தல் சுமக்குற பொம்பளையாளுக டிராக்டர்ல போகையில டிரைவர் போட்டிருக்கான். கேசட்டு காலியா விட்ட எடத்துல எல்லாம் அவுக பாடியிருக்காக. அந்த டிரைவர் வந்து மொதலாளிகிட்ட கேட்டிருக்கான், அழிஞ்ச கேசட்டு இன்னும் இருந்தாக் குடுங்க, நல்லது வேண்டாம்னு."

பேச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த டிரைவராகவும் ஒருமுறை பேசிப் பார்த்தாள்: "அண்ணே, கெட்டுப்போனது நாலு குடுங்கண்ணே!"

"மொதலாளிக்கு இந்த வெசயம் மண்டையில ஏறலை. ரெண்டாவது கேசட்டுல பாதி எடத்தைப் புல்லாங்குழல் வச்சு அடைச்சாரு. மூணாவதுல டவுன்ல பாட்டு படிச்ச பொம்பளைகளைக் கூட்டியாந்து பதில் பாட வச்சாரு. சுத்தமாப் பாடுனாக, ஒரு பிசிறு இல்லை. ஒருத்தரும் திருப்பிக் குடுக்கலை. ஒருத்தரும் திருப்பிப் பாடவும் இல்லை."

பஸ் வந்துவிட்டது.

தூக்குவாளியும் மண்வெட்டியுமாக வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கண்டக்டர், "நடுவுல எடம் கெடக்கு, உள்ள போ, உள்ள போ" என்று, இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் பேச்சி அவர் பின்னால் நின்று அதையே சொல்லி, பஸ்ஸையே முன்னுக்கும் பின்னுக்கும் அலைய விட்டிருப்பாள். இன்று ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒச்சம்மா டிரைவரிடம் போய், ராத்திரியே யாரிடமோ சொல்லிப் பாட்டு ஏற்றி வைத்திருந்த பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்தாள். "தம்பி, இதுல ரெண்டு பாட்டு இருக்கு. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைப் போடு."

முதலில் வந்தது பேச்சியின் பாட்டு. கிழவி வந்தாள், மூக்குக்காரி வந்தாள், புதுப்பெண் வந்தாள். பஸ்ஸில் தலைகள் நிமிர்ந்தன.

"எத்தனை பேருடி பாடுறாக!"

"அந்தக் கெழவியக் கேளேன், எங்க மாமியா கணக்காவே இருக்கா."

சிரித்தார்கள். பேச்சிக்கு உச்சி குளிர்ந்தது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வெள்ளிக்கிழமைச் சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இன்னொருத்தி செல்லை எடுத்தாள். பாட்டு முடிந்தபோது ஜன்னலோரத்தில் இருந்த அம்மா சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு."

பேச்சி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி இட்லி.

அடுத்தது ஆரம்பித்தது. முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். அப்புறம் டோலக். அப்புறம் இளவயது ஒச்சம்மா, கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் அவசரப்பட்டு:

*கெழக்கால மழை எறங்குதடி...*

அதோடு நின்றது. டோலக் மட்டும் டக்கு டக்கு என்று நடந்தது.

ஜன்னலோரத்து அம்மா வெளியே பார்த்தபடியே, தன்னை அறியாமல், வாய்க்குள் சொன்னாள்:

*எறங்கட்டும் எறங்கட்டும், நாத்து நம்ம கையில...*

*மேக்கால வெயில் சாயுதடி...*

*சாயட்டும் சாயட்டும், நாத்து நம்ம கையில...*

இந்தமுறை மூன்று பேர். சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் அதை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அடுத்த வரிக்குப் பின்சீட்டு முழுக்க வந்துவிட்டது. யாரோ தூக்குவாளி மூடியில் தட்டினார்கள். கண்டக்டர் ஒருத்தரிடம் சில்லறையை நீட்டியபடி கொடுக்காமலே பாடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சுருதி சுத்தமாக இல்லை. டிரைவர் பாடவில்லை. ஆனால் சரியான இடத்தில் ஆரனை அடித்தார்.

பேச்சிக்கு வாய் துறுதுறுத்தது. கிழவி குரலில் ஒரு வரி போட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். போடலாம் என்றுதான் மூச்சை இழுத்தாள். பதில் வரிக்கு நேரம் வந்துவிட்டது, அவள் கிழவியைத் தேடி எடுப்பதற்குள் பாடியாக வேண்டியிருந்தது. பாடினாள்.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் குரலோடும் அவள் குரல் போய்ச் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் கரகரப்பான, அடியில் லேசாகப் புகை படிந்த ஒரு குரல். பேச்சி அதை இதற்குமுன் கேட்டதில்லை. யாருடையது என்று யோசித்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்தில் நின்ற பெண், "அக்கா நல்லா எடுத்துப் பாடுறீக, அடுத்ததுக்கும் பாடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

ஒச்சம்மா முன்சீட்டில் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேனியில் இறங்கி மாடி ஏறும்வரை பேச்சி யார் குரலையும் எடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு காய்ச்சல் மாதிரி.

ஜெபராஜ் காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான். "வாங்கக்கா! இன்னைக்கு ஆறு குரலை எட்டாக்கிருவோமா?"

"தம்பி, அந்த ஆறையும் எடுத்துரு."

"எதை?"

"கெழவிய, மூக்குக்காரிய, எல்லாத்தையும்."

ஜெபராஜ் காதிலிருந்ததைக் கழற்றினான். "எடுத்துட்டா என்னக்கா இருக்கும்? ஒரு வரி பாட்டு, ஒரு வரி காலி. பாட்டு ஓட்டைப் பல்லாட்டம் இருக்குமே. கேக்குறவுக நெட்டு நின்னுபோச்சுன்னு வேற பாட்டுக்குப் போயிருவாக."

"மொத தடவை பதிலையும் நானே பாடிச் சொல்லிக் குடுத்துர்றேன். பெறகு எடம் விட்டுருவேன். வயல்ல அப்பிடித்தான்."

"இது வயலாக்கா?"

ஜெபராஜ் ஒச்சம்மாவைப் பார்த்தான். ஒச்சம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"உங்க பாட்டு, உங்க இஷ்டம்" என்றான் அவன். "நான் சொன்னதுல மாத்தமில்லை. எடுபடணும். அம்புட்டுதான்." சொல்லிவிட்டு அந்த ஆறு பேரையும் ஒவ்வொருத்தியாக அழித்தான். கிழவியை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினான். அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

பேச்சி கண்ணாடி அறைக்குள் போனாள். வயலில் குனிந்து பாடுகிற பழக்கத்தில் தானாக இடுப்பு மடங்கியது. மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள். முன்னால் ஒன்றுமில்லை, பஞ்சு ஒட்டிய சுவர்தான். பஸ் இல்லை, தூக்குவாளி இல்லை, சுருதி சேராத கண்டக்டர்கூட இல்லை.

கதவை அரைவாசி திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மதினி."

"ம்ம்."

"உங்க பாட்டுக்குப் பதில் அவுகளுக்குத் தெரியும். எம் பாட்டு புதுசு. நானும் எடம் விட்டு நிக்கிறேன், ஆனா ஒருத்தரும் திருப்பிப் பாடலைன்னா?"

ஒச்சம்மா மூக்குத்தியைத் திருகினாள்.

"அடுத்த வரியப் பாடு."