முகம் மறைத்த பச்சைத் துண்டு

"அப்பா, மாலையக் கழட்டாமலே இருந்தா சாமி கோவிச்சுக்குமா?"

வள்ளிமயில் இப்படிக் கேட்டபோது அவளுக்கு வயது ஏழு. அவளுடைய தந்தை காத்தமுத்து, வேலாங்குன்று என்னும் சிற்றூரில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கி வந்தார். விடிந்ததும் மண்டி வாசலில் இருக்கும் முருகன் படத்துக்கு ஒரு செம்பருத்தி வைப்பார். முதல் மூட்டையை ஏற்றும்போதும் கடைசி மூட்டையை இறக்கும்போதும் "முருகா" என்பார். அதன் பிறகு அவர் கால்கள் சாராயக் கடைக்குப் போய்விடும்.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் மாலை அணிவார். அந்த நாட்களில் ஒரு சொட்டும் தொடமாட்டார். மனைவி பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரிப்பதும் குழந்தை அவர் மடியில் உறங்குவதும் அந்த நாட்களில்தான். ஊர்க் குன்றின் உச்சியிலுள்ள முருகன் கோயிலுக்கு ஏறி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே குடித்துவிடுவார். "நாப்பத்தெட்டு நாள் சாமி" என்று மண்டியில் அவருக்குப் பட்டப் பெயர். அவருடைய பக்தியில் பொய் இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மகள் கேட்ட ஆண்டு அவர் மாலையைக் கழற்றவில்லை. ஐம்பது நாள் கடந்தது, அறுபதும் கடந்தது. அறுபத்து மூன்றாம் நாள் காலை ஒரு பெரிய லாரியில் சரக்கு ஏற்றி முடித்தார்கள். இடுப்பு விட்டுப்போனது போல வலித்தது.

"சும்மா வந்து உக்காரு சாமி. நீ சுண்டல் தின்னு, நாங்க ஊத்திக்கிறோம். கழுத்துல முருகன் இருக்கையில உனக்கென்ன பயம்?" என்றான் கூட்டாளி மொக்கராசு.

மாலை காக்கும் என்று நம்பி அவரும் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் மாலையோடு குடித்தார். நடுப்பகலில் குன்றின் அடிவாரத்துப் புளியமரத்தருகே விழுந்தார்.

நினைவு திரும்பியபோது கண்முன் பச்சையாக இருந்தது. யாரோ அவர் முகத்தின் மேல் ஈரமான பச்சைத் துண்டு ஒன்றை விரித்திருந்தார்கள். எழ முயன்றார். அப்போது பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"ஏய், குடிகாரன் கெடக்கான்டி! துண்ட எடுத்து யாருன்னு பாப்பமா?"

"வேணாம்டி. பாவம், அவங்க வீட்டுல தேடுவாங்க. வா போலாம்."

இரண்டாவது குரல் வள்ளிமயிலுடையது. காத்தமுத்து மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தார். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அழுதார். மாலையைத் தேடினார். அது மண்ணில் புரளாதபடி கிளையில் மாட்டப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு செம்பு நீர். சுற்றிலும் ஒருவரையும் காணவில்லை.

மாலையோடு, அதை அவருக்கு அணிவித்த குருசாமி தங்கப்பழத்திடம் போனார். "மறுபடி போட்டு விடுங்க சாமி" என்று காலில் விழுந்தார்.

"போடுறேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா."

"முருகன் என்னைக் கைவிட்டுட்டானா சாமி?"

"வைத்தியர் ரூபத்துல வரக்கூடாதுன்னு அவனுக்கு யாருப்பா தடை போட்டது? மாலையும் போடு, மாத்திரையும் போடு."

அரசு மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர் அவரைத் திட்டவில்லை. எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டார். "வேலை முடிஞ்சதும், அஞ்சு மணிக்குங்கம்மா. பசியும் வலியும் சேந்து வரும்." மருத்துவர் மருந்து எழுதினார். "அந்த அஞ்சு மணியத் தனியா விடாதீங்க. வயித்த காயப் போடாதீங்க. கொஞ்ச நேரம் தாங்கிட்டா ஆசை தானா எறங்கிடும்" என்றார்.

காத்தமுத்து அந்த ஐந்து மணியை முருகனிடம் ஒப்படைத்தார். வேலை முடிந்ததும் ஒரு கை பொரிகடலையை மென்றபடி குன்றேறுவார். உச்சியிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் பெருக்கிக்கொண்டே இறங்குவார். முதல் படிகளில் கை நடுங்கும், நாக்கு வறளும். பாதிப் படி வரும்போது அந்தத் தவிப்பு ஓய்ந்திருக்கும். தோளில் எப்போதும் அந்தப் பச்சைத் துண்டு கிடக்கும். "விளக்கமாத்துச் சாமி வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று மொக்கராசு கேலி செய்தால், "உனக்கும் ஒரு விளக்கமாறு இருக்கு, வா மச்சான்" என்று சிரிப்பார்.

இரண்டாம் ஆண்டில் தம்பி இறந்த துக்கத்தில் ஒருநாள் மறுபடி குடித்தார். அதை அவர் மறைக்கவில்லை. பேச்சியம்மாளிடம் சொல்லி அழுதார். மறுநாள் மருத்துவரிடம் சொன்னார். அன்று ஐந்து மணிக்குப் படியில் நின்றார். விழுந்ததைக் காட்டிலும் அவருக்கு அந்தப் படியேறுவதுதான் கடினமாக இருந்தது. ஆயினும் ஏறினார்.

பத்து ஆண்டுகள் சென்றன. வள்ளிமயிலுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. நன்றி செலுத்த, உச்சிக்கால பூஜைக்குப் பால் எடுத்துக்கொண்டு காத்தமுத்து தனியே புறப்பட்டார். அடிவாரத்துப் புளியமரத்தருகே ஓர் இளைஞன் கழுத்தில் மாலையோடு, குடிபோதையில் குப்புறக் கிடந்தான். மேலே பூஜை மணி கேட்டது. இப்போது ஏறாவிட்டால் நடை சாத்திவிடுவார்கள்.

அவர் பாற்குடத்தை இறக்கி வைத்தார். இளைஞனை நிழலுக்கு இழுத்து, வாந்தி மூச்சை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மாலையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். தான் கொண்டுவந்திருந்த செம்பைப் பக்கத்துக் குழாயில் நிரப்பித் தலைமாட்டில் வைத்தார். மடியிலிருந்த பொரிகடலைப் பொட்டலத்தை அருகில் வைத்தார். அவன் மூச்சு சீராகும் வரை காத்திருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை நனைத்து, காற்றுப் புகும்படி அவன் முகத்தின் மேல் தளர விரித்தார். பார்த்தவர் எவரும் இல்லை.

நடை சாத்தும் நேரம் கடந்து அரைமணி ஆனபின்தான் அவர் உச்சியை அடைந்தார். குருக்கள் சாவியோடு போராடிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ. அரைமணியா இந்தப் பூட்டு விழவே மாட்டேங்கறது. உம்ம பாலுக்குத்தான் காத்துண்டிருக்கான் போல."

கதவு மறுபடி திறந்தது. பால் அபிஷேகம் ஆயிற்று. திருநீறு கொடுக்கும்போது குருக்கள் அவர் தோளைப் பார்த்தார்.

"துண்டு எங்கே ஓய்?"

"குடுக்க வேண்டிய எடத்துல குடுத்துட்டேன் சாமி."

குருக்கள் வெளியே வந்து சாவியைத் திருப்பினார். பூட்டு ஒரே திருப்பில் விழுந்தது. ஒரு முகத்தின் மானத்தைக் காத்துவிட்டு வந்தவருக்காகத் தன் முகத்தை மறைக்காமல் நின்றான் குன்றுடையான். அந்த எளிய அடியாரின் அன்பை வணங்குவோம்.